மயில்மீன் வரைந்தவள்

வியாகுலம் என்றால் துயரம். பெயர் வைத்தவர்கள் வியாகுல மாதாவை நினைத்து வைத்தார்கள். ஆனால் கடியப்பட்டணத்தில் வியாகுலம்மாள் துயரப்பட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் குறைவு. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு யாரிடமாவது நியாயம் கேட்டு நின்றதைப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

பத்தாம் வகுப்பில் ஐந்நூறுக்கு நானூற்றொன்று வாங்கினாள். அது 1985. பொம்பளைப் பிள்ளைக்கு இது போதும் என்று அப்பன் சொன்னதும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். மூன்று நாள் கிடந்தும் யாரும் கெஞ்ச வரவில்லை. நாலாம் நாள் தானே எழுந்துபோய்ப் பானையைத் திறந்து தின்றாள். வாழ்க்கையில் அவள் தோற்ற சண்டை அது ஒன்றுதான் என்று சொல்லலாம். அதற்குப் பிறகு பட்டினி கிடந்து சண்டை போடும் வழக்கத்தையே விட்டுவிட்டாள். நன்றாகத் தின்றுவிட்டுச் சண்டை போட்டாள்.

யோவானைக் கட்டிக்கொண்டாள். அவன் கட்டுமரத்தில் போய்க் கொண்டுவந்த மீனை ஓலைக் கடவத்தில் அடுக்கித் தலையில் வைத்துத் திங்கள்நகர் சந்தைக்குப் போனாள். பதினாறு வருஷம் அந்த வேலை. மீனைக் கையில் எடுத்தால் தோல் எங்கே தொடங்கும், எலும்பு எங்கே திரும்பும் என்று கத்திக்கு முன்னால் விரல் கண்டுகொள்ளும். ‘கடியப்பட்டணத்து வியாகுலத்துக்கிட்ட வாங்கினேன்’ என்று சொன்னால் சந்தையில் மீனின் தரத்தைப் பற்றி அடுத்த கேள்வி இருக்காது.

2004 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்தது. ஊரில் பல வீடுகளில் ஆள் குறைந்தது. வியாகுலத்தின் வீட்டில் ஆட்கள் தப்பினார்கள். கட்டுமரமும் வலையும் பின்சுவரும் போயின. அதன் பின்னால் உதவிகள் வந்தன. கடற்கரை வெயிலுக்குக் கம்பளி வந்தது. யாருக்கும் பொருந்தாத அளவில் நைட்டிகள் வந்தன. பிளாஸ்டிக் வாளி மட்டும் ஏழு வந்தது. ஏழாவது வாளியைக் கொடுத்துவிட்டுப் போட்டோ எடுக்க நின்றவர்களைப் பார்த்து வியாகுலம் கேட்டாள்: “ஊத்துகதுக்கு ஒரு குடம் நல்ல தண்ணி இல்ல. ஏழு வாளிய வச்சு நான் என்ன செய்ய?” போட்டோ எடுத்தவர் சிரிக்கச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. அதுதான் வியாகுலத்துக்கு ஆகாதது.

அடுத்த வருஷம் ஒரு தொண்டு நிறுவனம் தொழிற்பயிற்சி தருவதாக வந்து, பங்குக் கோவில் மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்தது. நோட்டுப் புத்தகத்தில் நாலு தலைப்பு. பெண்களுக்குத் தையல், மெழுகுவத்தி, ஊறுகாய். இளைஞர்களுக்குக் கம்ப்யூட்டர் டிசைன். பெயர் எழுதிய பெண் சென்னைக்காரி, நல்ல குணம்.

“அக்கா, உங்களுக்குத் தையல் எழுதிக்கட்டுமா?”

“எனக்குத் தையல் வேண்டாம் பிள்ளே. அன்னா, நாலாவது இருக்குல்லா, அத எழுது.”

“அது இருபத்தஞ்சு வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு அக்கா.”

“கடல் உள்ள வரும்போ வயசு கேட்டுட்டா வந்துச்சு?”

அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு நாலாவது தலைப்பின் கீழே எழுதினாள்: வியாகுலம்மாள், வயது முப்பத்தாறு.

வீட்டில் யோவான் விழுந்து விழுந்து சிரித்தான். “கம்ப்யூட்டர் படிச்சு கலெக்டரு ஆவப் போறியா?”

“ஏன், ஆவப்பிடாதா?”

“ஆவலாம். அப்பவும் சோறு வச்சிட்டுப் போவியா?”

“கலெக்டரு வீட்டுல மாப்பிள தான் சோறு வைப்பான்,” என்றாள். அவன் அதற்கும் சிரித்தான். யோவானிடம் அவளுக்குப் பிடித்ததே அதுதான். எதிர்த்துப் பேசினால் அவனுக்கு முகம் சுருங்காது.

வகுப்பில் எட்டுக் கம்ப்யூட்டருக்கு இருபத்திரண்டு பேர். எல்லாரும் நேற்று மீசை முளைத்தவர்கள், இல்லாவிட்டால் ரெட்டைச் சடைக்காரிகள். பாடம் நடத்திய சுஜினுக்கு இருபத்துமூன்று வயது. நாகர்கோவில் பையன். வியாகுலம் அவனை மரியாதையாக ‘சாரே’ என்று கூப்பிட்டாள். அவன் அவளை ‘அக்கா’ என்றான்.

கோரல் என்ற அந்த மென்பொருளைத் திறந்தால் நடுவில் ஒரு வெள்ளைத் தாள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சின்னச் சின்னப் படங்கள், ஒவ்வொன்றும் ஒரு கருவி. சுஜின் கொடுத்த அச்சுத் தாளில் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. வியாகுலம் அதை மடித்து வைத்துவிட்டுத் தன் நோட்டில் தனக்குப் புரிந்தபடி எழுதினாள்: ‘அம்புக்குறி, பிக் டூல். இது பிடிக்க, நகர்த்த, பெருசாக்க, சாய்க்க. உருவத்தை மாத்தாது. அதுக்குக் கீழ ஷேப் டூல். உருவத்தை மாத்தணும்னா இதுதான். ரெண்டையும் போட்டுக் குழப்பப்பிடாது.’ இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாமலே வருஷக்கணக்காகக் கடை நடத்துகிறவர்கள் இந்த ஜில்லாவில் உண்டு.

மூன்றாம் நாள் ஒரு சதுரத்தில் மாட்டிக்கொண்டாள். சதுரம் வரைந்தாள். அதன் ஒரு மூலையை மட்டும் வெளியே இழுக்க ஆசைப்பட்டு ஷேப் டூலால் பிடித்து இழுத்தாள். நாலு மூலையும் சேர்ந்து உருண்டு போயின. மறுபடி இழுத்தாள். மறுபடி உருண்டன. பின்னால் உட்கார்ந்திருந்த பயல்கள் சிரித்தார்கள். சுஜின் வந்து கன்ட்ரோலும் க்யூவும் சேர்த்து அழுத்தினான். இப்போது இழுத்த மூலை மட்டும் வந்தது.

“இனி இப்பிடியே செய்யுங்க அக்கா.”

“செய்யுகேன் சாரே. ஆனா இதுக்கு முந்தி ஏன் வரல்ல?”

“அது... அதை அழுத்தணும்.”

“அழுத்தணும்னு தெரியுது. ஏன் அழுத்தணும்?”

சுஜினுக்கு அது தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லாமல் அன்று சாயங்காலம் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மறுநாள் வந்து சொன்னான். நல்ல பையன். சதுரம் என்று வரைந்தால் மெஷின் அதைச் சதுரம் என்றே வைத்துக்கொள்ளும், மூலைகளுக்குத் தனி உயிர் கிடையாது. நாம் அதை வெறும் கோடாக மாற்றிய பிறகுதான் ஒவ்வொரு மூலையும் ஒரு புள்ளியாகும், புள்ளியைப் பிடித்து எங்கே வேண்டுமானாலும் இழுக்கலாம்.

வியாகுலம் ஒரு மூலையை இழுத்துப் பார்த்தாள். பிறகு, “அப்பம் பேரு வச்சுக் கெட்டிப் போட்டிருக்கு. அவுத்து விடணும், அவ்வளவு தானே?” என்றாள். சுஜின் ஆமாம் என்றான். அவளுக்கு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குப் போகும்போது காரணமே இல்லாமல் வேகமாக நடந்தாள்.

கடைசி வாரம் பேனாக் கருவி. “இது கஷ்டம் அக்கா. கையால கிறுக்குற ஃப்ரீஹேண்டே போதும். கடையில எல்லாரும் அதத்தான் செய்யிறாங்க,” என்றான் சுஜின். கஷ்டம், உனக்கு வேண்டாம் என்று சொன்னால் வியாகுலத்துக்கு அது வேண்டும். அது அவள் பிறவிக் குணம். ஃப்ரீஹேண்டில் ஒரு மீன் வரைந்து பார்த்தாள். ஓரம் முழுக்க நூறு புள்ளி, குளிர்க் காய்ச்சல் வந்தவன் போட்ட கோடு மாதிரி நடுக்கம். பேனாவில் வைத்தால் புள்ளி கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு பக்கமும் கைப்பிடி போல இரண்டு கோடு நீளும். அதை எந்தப் பக்கம் இழுக்கிறோமோ அதற்கேற்பக் கோடு வளையும். இரண்டு நாள் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் கடற்கரையில் கரமடி வலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பிடிபட்டது. இரண்டு ஓரமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்து எந்தத் திசையில் எவ்வளவு பலமாக இழுக்கிறார்களோ அப்படித்தானே தண்ணீருக்குள் வலை வளைகிறது! மறுநாள் எட்டே புள்ளியில் ஒரு தூண்டில் முள் வரைந்தாள். சுஜின் அதைப் பெரிதாக்கிப் பார்த்தான், சின்னதாக்கிப் பார்த்தான். எப்படிப் பார்த்தாலும் ஓரம் சுத்தமாக இருந்தது.

“சாரே, கொள்ளாமா? நல்லாருக்கா?”

“எனக்கே இப்படி வராது அக்கா,” என்றான்.

சான்றிதழை எடுத்துக்கொண்டு திங்கள்நகருக்குப் போனாள். மீன் விற்ற அதே சந்தைக்கு இரண்டு தெரு தள்ளித் ‘தாணு டிஜிட்டல்ஸ்’. முதலாளி தாணுலிங்கம். வேட்டி நுனி கசங்காத மனிதர். தமாஷாகப் பேசுவார், ஆனால் பேச்சில் விட்டுக்கொடுக்க மாட்டார். சான்றிதழைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, “ஆர்டர் எழுதுவியா?” என்றார்.

“டிசைன் செய்வேன் அண்ணாச்சி.”

“டிசைனுக்கு ஜெபதாஸ் இருக்கான். நீ கவுண்டர்ல ஆர்டர் எழுது, லேமினேஷன் போடு. டிசைன் பைய பாக்கலாம்.”

பைய என்றால் மெல்ல. அந்த மெல்லவுக்கு மூன்றரை வருஷம் ஆனது. தினமும் கேட்டாள் என்று சொன்னால் மிகை. வாரத்துக்கு ஒரு தடவை கேட்டாள். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வந்தது. இரண்டாவது கம்ப்யூட்டர் வரட்டும் என்றார், வந்தது. திருவிழாக் காலம் முடியட்டும் என்றார், முடிந்தது. ஒருநாள் அவள் உள்ளே இருப்பது தெரியாமல் ஜெபதாஸிடம், “அவ கைய வச்சா கீபோர்டு மீன் நாறும்லேய்,” என்று சொல்லிச் சிரித்தார்.

வியாகுலம் வெளியே வந்தாள். “அண்ணாச்சி, நேத்து மத்தியானம் நெய்மீன் கறி கூட்டிச் சோறு தின்ன கையாலதானே ஆர்டர் புக்கத் தொட்டீங்க? நான் தொடச்சிட்டுத்தான் எழுதினேன். ஏதாவது சொன்னனா?”

தாணுலிங்கம் ஆர்டர் புக்கை அவள் பக்கம் தள்ளி வைத்தார். ஆனால் டிசைன் செய்கிறவரின் நாற்காலியைக் கொடுக்கவில்லை. அந்தச் சொல் அவளுக்கு வலித்தது. அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். இறங்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேலையை விட வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. விட்டுப் போனால் அந்த ஆள் சொன்னது அங்கேயே கிடக்குமே என்று நினைத்தாள்.

ஜெபதாஸ் கெட்டவன் இல்லை. வேகக்காரன். கல்யாண போர்டு எட்டு நிமிஷம், கண்ணீர் அஞ்சலி ஐந்து நிமிஷம். அந்த வேகத்துக்கு ஒரு சூட்சுமம் வைத்திருந்தான். புதிதாக எதையும் தொடங்க மாட்டான். பழைய வேலை ஒன்றைத் திறப்பான். வேண்டாத இடத்தின் மேல் ஒரு வெள்ளைச் சதுரத்தைப் போட்டு மறைப்பான். அதன் மேல் புதியதை வைப்பான். வெள்ளைத் தாளில் வெள்ளை தெரியாது. வியாகுலம் ஒருநாள் கேட்டாள்: “ஏலே, வேண்டாததை வெட்டி எடுக்கலாம்லா? அதுக்குத்தானே ட்ரிம்முன்னு ஒண்ணு வச்சிருக்கான்?”

“பிரிண்டுல தெரியாதுக்கா. தெரியாதது இல்லாத மாதிரிதான்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் முழுக்க இந்த நியாயத்தில்தான் ஓடுகிறது என்று நினைத்தாள். மத்தியானம் ஜெபதாஸ் சாப்பிடப் போகும் முக்கால் மணி நேரம் அவள் இரண்டாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மீன் வரைந்தாள். சாளை, நெத்திலி, வாளை, திருக்கை. யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கை பழக வேண்டும். தாணுலிங்கம் கண்டும் காணாதது போல இருந்தார்.

2009இல் கடைக்கு ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் வந்தது. வந்த இரண்டாம் வாரம் பெரிய ஆர்டர். கடியப்பட்டணத்திலிருந்து சத்தியராஜ் வந்தார், வள்ளம் என்கிற படகு வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்தின் தலைவர். திருவிழாவின் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் வள்ளங்களை மந்திரித்து ஆசீர்வதிப்பார். அதற்குள் சங்கத்து வள்ளங்கள் நாற்பத்திரண்டிலும், இரண்டு பக்கமும், முதுகில் தோகை போலச் சிறகு விரிந்த மயில்மீன் படம் ஒட்ட வேண்டும். சுனாமிக்குப் பிறகு கிடைத்த வள்ளங்களில் கொடுத்தவர்களின் பெயர்தான் பெரிதாக இருந்தது. நாலு வருஷம் அந்தப் பெயர்களைச் சுமந்தாயிற்று, இனி நம்முடைய அடையாளம் இருக்கட்டும் என்று சங்கம் முடிவெடுத்திருந்தது. அந்த முடிவைக் கேட்டபோது கவுண்டரில் ஆர்டர் எழுதிக்கொண்டிருந்த வியாகுலத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“அண்ணாச்சி, இத நான் வரையுகேன்,” என்றாள்.

“நீ எழுது. ஜெபதாஸ் பாப்பான்.”

ஜெபதாஸ் பார்த்தான். அரைமணி நேரத்தில் மயில்மீன் தயார். வெள்ளைத் தாளில் அச்சடித்துக் காட்டினான். பார்க்க ஜோராக இருந்தது. சத்தியராஜ் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். வியாகுலம் மட்டும், முதுகுச் சிறகு தலையை ஒட்டித் தொடங்க வேண்டும், இவன் நடு முதுகில் வைத்திருக்கிறான் என்று சொன்னாள். சந்தையில் மயில்மீன் அறுத்த கைக்கு அது தெரியும். “வள்ளத்துல ஒட்டுகதுதானே, அறுத்துக் கறி வைக்கவா போறாவ?” என்றார் தாணுலிங்கம்.

வெள்ளிக்கிழமை காலையில் மெஷின் ஓடியது. கோடு பார்த்து வெட்டி முடித்த பிறகு வேண்டாத ஸ்டிக்கரை உரித்து எடுக்க வேண்டும். அது பெண்கள் வேலை என்று வியாகுலத்திடம் கொடுத்திருந்தார்கள். அவள் ஓரத்தைப் பிடித்து உரித்தாள். வால் தனியாக வந்தது. இன்னொன்றை உரித்தாள். வால், செவுள், பாதி வயிறு எல்லாம் துண்டு துண்டாகக் கையோடு வந்தன. பிளேடு மழுங்கிவிட்டது என்று ஜெபதாஸ் புதுப் பிளேடு போட்டான். மறுபடியும் அதே கதை. ரோல் மட்டம் என்று தாணுலிங்கம் வேறு ரோல் எடுத்தார். அதுவும் போயிற்று. மெஷின் விற்றவனுக்குப் போன் போட்டுக் கத்தினார். மத்தியானம் சத்தியராஜ் வந்து நின்றபோது மேசை முழுக்க நீலமும் சிவப்புமாக மீன் துண்டுகள் கிடந்தன.

“என்னவேய் இது? நாளைக் கழிஞ்சு மந்திரிப்பு. நாப்பத்திரண்டு வள்ளம் நிக்கி.”

“ரோலு சரியில்ல தலைவரே. நாகர்கோயிலுக்கு ஆளு போயிருக்கு.”

“ரோலுல இல்ல,” என்றாள் வியாகுலம். “பிளேடுலயும் இல்ல. படத்துல இருக்கு.”

“நீ ஆர்டரு புக்கப் பாரு!” தாணுலிங்கத்தின் குரல் உயர்ந்தது.

 அவள் பதிலுக்குக் கத்தவில்லை. உரித்துப் பார்த்த விரலுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. துண்டான இடமெல்லாம் நேர்கோடு. மீனில் ஏது நேர்கோடு? நேராக ஜெபதாஸின் கம்ப்யூட்டருக்குப் போய், அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மவுஸைப் பிடித்தாள். நிறத்தை எல்லாம் நீக்கிவிட்டு வெறும் கோட்டை மட்டும் காட்டுகிற ஒரு பார்வை உண்டு, ஒயர்ஃப்ரேம் என்பார்கள். அதை அமுக்கினாள்.

மீன் காணாமல் போயிற்று. அந்த இடத்தில் ஏகப்பட்ட கோடு. வாலுக்குக் கீழே நாலு சதுரம், செவுளுக்குக் கீழே மூன்று, சிறகின் குறுக்கே ஐந்தாறு. வயிற்றுக்குள்ளே முழுசாக ஒரு கல்யாண மாலை, அதன் பக்கத்தில் ஒரு தென்னைமரம், பாதிக் குத்துவிளக்கு. எந்தக் காலத்துப் போர்டுகளோ, எல்லாம் வெள்ளைக்கு அடியில் பத்திரமாக இருந்தன.

சத்தியராஜ் குனிந்து பார்த்தார். “ஏலே, இந்த மீனு யாரு கலியாணத்துலலே சாப்பிட்டுட்டு வந்திருக்கு?”

கடையில் நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஜெபதாஸின் காது சிவந்துவிட்டது.

“தாளுல அடிக்கிற மெஷின் கண்ணுக்குத் தெரியிறத மட்டும் அடிக்கும்,” என்றாள் வியாகுலம். “வெட்டுக மெஷினுக்குக் கண்ணு கெடையாது. எங்க கோடு இருக்கோ அங்க கத்திய எறக்கும். நீங்க மறச்சு வச்சாலும் அது விடாது. இத ஒட்டுப்போட்டுச் சரியாக்க முடியாது, முதல்லேருந்து வரையணும்.” பிறகு ஜெபதாஸிடம், “எழும்புலே,” என்றாள்.

ஜெபதாஸ் முதலாளியைப் பார்த்தான். முதலாளி சத்தியராஜைப் பார்த்தார். சத்தியராஜ், “அவ வரையட்டும்வே,” என்றார். ஜெபதாஸ் எழும்பினான்.

வெள்ளைத் தாள். பேனாக் கருவியை எடுத்தாள். மூக்கின் நுனியில் முதல் புள்ளி, நெற்றி ஏறும் இடத்தில் இரண்டாவது. அதை அமுக்கிப் பிடித்து இழுத்தபோது நெற்றி வளைந்து எழுந்தது. உடம்பைச் சுற்றி வந்து முதல் புள்ளியிலேயே முடித்தாள். மூடாத கோட்டுக்குள் நிறம் நிற்காது. சிறகைத் தனியே வரைந்து தலையை ஒட்டி வைத்து, வெல்டு கொடுத்து உடம்போடு ஒட்டினாள். இரண்டும் ஒன்றாகி நடுவில் இருந்த கோடு மறைந்தது. செவுளுக்கு மெல்லிய பிறை ஒன்றை வரைந்து, அதைக் கொண்டே உடம்பில் ட்ரிம் செய்து, பிறையை அழித்தாள். உடம்பில் நிஜமாகவே ஓட்டை விழுந்தது. அதன் வழியாக வள்ளத்தின் நிறம்தான் தெரியும், வெள்ளை தெரியாது. “வாலு இன்னும் கொஞ்சம் பொளந்து இருக்கணும்,” என்றார் சத்தியராஜ். ஷேப் டூலால் ஒரே புள்ளியைப் பிடித்து உள்ளே இழுத்தாள். வால் பிளந்தது. மொத்தம் இருபத்தாறு புள்ளி. ஒயர்ஃப்ரேமில் போட்டாலும் அதே மீன்தான் தெரிந்தது.

மெஷின் ஓடியது. வியாகுலம் ஓரத்தைப் பிடித்து உரித்தாள். தோல் உரிகிற மாதிரி ஒரே இழுப்பில் வந்தது. தாளில் மயில்மீன் முழுசாக நின்றது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை யாரும் பார்க்கக் கூடாது என்று அவள் நினைக்கவும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எண்பத்து நாலு மீனும் முடிந்தன. ஞாயிற்றுக்கிழமை நாற்பத்திரண்டு வள்ளங்களும் மீனோடு நின்றன. சாமியார் தீர்த்தம் தெளித்தபோது வியாகுலம் கரையில் யோவானோடு நின்றாள்.

“ஒனக்க மீனுதானா எல்லாம்?” என்று யோவான் ஒவ்வொரு வள்ளமாகக் காட்டிக் கேட்டான். நாற்பத்திரண்டு தடவை அவள் ஆமாம் என்றாள்.

திங்கட்கிழமை காலை கடைக்குப் போனாள். ஜெபதாஸின் நாற்காலியில் ஜெபதாஸ் இருந்தான். அவளுடைய ஸ்டூல் கவுண்டரிலேயே கிடந்தது. ஸ்டூலின் மேல் ஆர்டர் புக். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பக்கத்து ஊர்களிலிருந்து மூன்று பேர் உள்ளே வந்தார்கள்.

“அந்த மயில்மீன் வரஞ்ச ஆளு யாரு? எங்களுக்கும் வேணும். முதல்ல சங்கத்துக்கு ஒரு போர்டு, பன்னெண்டடி.”

தாணுலிங்கம் எழுந்தே நின்றுவிட்டார். “நம்ம டிசைனர் ஜெபதாஸ்தான். அன்னா இருக்கான். அவன் கை பட்டா மீனு நீந்தும்லா!” சொல்லிக்கொண்டே வியாகுலத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். கடையின் மானத்துக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்பது போல.

“நான் வரஞ்சது,” என்றாள் வியாகுலம்.

“சும்மா வெளையாடுவா. எங்க கவுண்டர்ல இருக்கா.”

வியாகுலம் ஆர்டர் புக்கை எடுத்துத் தாணுலிங்கத்தின் மேசையில் வைத்தாள். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டாவது கம்ப்யூட்டரின் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். “என்ன எழுதணும் போர்டுல? சொல்லுங்க,” என்று அந்த மூன்று பேரிடமும் கேட்டாள். அவர்கள் முதலாளியைப் பார்க்காமல் அவள் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்கள். வாலை வளைத்துக் காட்டச் சொன்னார்கள், வளைத்துக் காட்டினாள். யார் வரைந்தது என்ற கேள்வி அதற்கு மேல் எழவில்லை.

போர்டு முடிந்தது. வலது மூலையில் வழக்கம்போலக் கடையின் பெயரும் போன் நம்பரும் சின்ன எழுத்தில். அதன் கீழே வியாகுலம் இன்னொரு வரி அடித்தாள்: ‘வரைந்தது: வியாகுலம்மாள், கடியப்பட்டணம்.’

தாணுலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அருகில் வந்து படித்தார். “இதென்னது? கடைப் பேரு இருக்குல்லா. ஒனக்க பேரு என்னத்துக்கு? எடு அத.”

“எடுக்க மாட்டேன்.”

“ஜெபதாஸ், நீ எடுலே.”

ஜெபதாஸ் வந்தான். பிக் டூலை எடுத்து அந்த வரியின் மேல் ஒரு கிளிக் செய்தான். பெயரைச் சுற்றி எட்டுக் கறுப்புக் கட்டங்கள் வந்து நின்றன. விரல் டெலீட் பொத்தானின் மேல் போனது. அங்கேயே நின்றது.

“அமுக்குலே,” என்றாள் வியாகுலம். “ஒரு அமுக்குதான், போயிரும். நானும் எழும்பிப் போயிருவேன். இந்தா, இந்த மூணு பேரும் எனக்க பின்னாலயே வருவாவ. கடியப்பட்டணத்துல கீபோர்டு மீன் நாறினா யாரும் மூக்கப் பொத்த மாட்டாவ.”

ஜெபதாஸ் விரலை எடுத்துக்கொண்டு, “எனக்கு அந்த வளைவு வராது மொதலாளி,” என்றான்.

தாணுலிங்கம் அவனைப் பார்த்தார். காத்து நின்ற மூன்று பேரையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். வியாகுலம் ஸ்டூலில் அசையாமல் இருந்தாள். 

“பிரிண்டுக்கு விடு,” என்றார்.

அப்போது வாசலில் ஒரு பெண் கையில் போட்டோவோடு வந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேண்டும் என்றாள். தாணுலிங்கம் கவுண்டருக்குப் போய், ஆர்டர் புக்கைத் திறந்து, அதைத் தானே எழுதினார்.